வளராத கோடு

என் பெயர் பூவாயி. கடையில் என் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் பூஜா என்று இருக்கும். "பூவாயின்னா கஸ்டமர் வாயில நுழையாதும்மா" என்று சொல்லி மாற்றியவர் கல்யாணசுந்தரம். அரபிக்காரர் வாயில் கல்யாணசுந்தரம் மட்டும் எப்படி நுழைந்தது என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேலை கொடுத்தவரிடம் யார் கேட்பார்கள்?

அபுதாபியில் வேட்டைச் சாமானும் பாலைவனக் கூடாரச் சாமானும் விற்கிற பெரிய கடை அது. அவர் அதன் மேனேஜர். அதற்கு முன்னால் சவுதியில், ஜுபைலில், என் அப்பா பழனிச்சாமி சாரம் கட்டுகிற கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் அப்பா அவரிடம் கெஞ்சி எனக்கு இந்த வேலையை வாங்கினார். வந்த முதல் நாளே சொன்னார்: "சார் மோர் எல்லாம் வேணாம். சித்தப்பான்னே கூப்பிடு." கூப்பிட்டேன்.

பெரம்பலூரில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள் நான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் கிடையாது. பில் போடத்தான் எடுத்தார்கள். நான்தான் மெல்ல மெல்ல ஸ்கோப் கவுண்டருக்கு நகர்ந்தேன். துப்பாக்கி மேல் மாட்டுகிற தொலைநோக்கிக் குழாய் அது. உள்ளே இருப்பது லென்ஸ்தானே. கல்லூரி லேபில் உடைந்த ஸ்டாண்டில் சணல் கட்டி நிறுத்தி நான் பார்த்த அதே லென்ஸ். எனக்கு என்ன பயம்?

அந்தக் கவுண்டரில் அதுவரை எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்ற எண்ணைச் சொல்லித்தான் விற்றார்கள். இருபத்தைந்து பவர், நாற்பது பவர், அறுபது பவர். வருகிறவரும் பெரிய எண்தான் கேட்பார். வெயில் ஏறின பிறகு இந்த மணலில் அறுபது பவர் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? கானல்தான் பெரிதாகத் தெரியும். உலையில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இலக்கு நெளியும். "இது உங்களுக்கு வேண்டாம்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். பக்கத்து கவுண்டர் ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து என்னைத்தான் கேட்டார்கள்.

அஃபீஃபா அப்படி வந்தவள். இந்த ஊர்க்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். பாலைவனத்துக்குள் இருக்கிற ஒரு ஷூட்டிங் கிளப்பில் பெண்கள் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அதுவரை அவளுடைய அப்பாவின் பழைய வேட்டை ஸ்கோப்பில் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"எது நல்ல ஸ்கோப்?" என்றாள் ஆங்கிலத்தில்.

"எதற்கு நல்லது?" என்றேன்.

முறைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் மற்றது விளங்காது. ஸ்கோப்புக்குள் ஒரு குறுக்குக் கோடு தெரியும். கோட்டின் மேல் எறும்பு வரிசை மாதிரி சின்னச் சின்ன அளவுக் குறிகள். தூரம் கூடக் கூடத் தோட்டா கீழே இறங்கும். இத்தனை மீட்டருக்கு இத்தனையாவது குறியை இலக்கின் மேல் வை என்று கணக்கு இருக்கிறது. இதில் ஸ்கோப் இரண்டு ஜாதி. முதல் ஜாதியில் பவரை ஏற்றினால் இலக்கோடு சேர்ந்து கோடும் வளரும், இறக்கினால் கோடும் சுருங்கும். அதனால் எந்தப் பவரில் வைத்தாலும் குறி பொய் சொல்லாது. இரண்டாவது ஜாதியில் இலக்கு மட்டும்தான் வளரும், கோடு அப்படியே நிற்கும். முழுப் பவரில் மட்டும் கணக்கு சரியாக இருக்கும். பவரைப் பாதியாக்கினால் ஒரு குறி இரண்டு குறியின் வேலையைச் செய்யும்.

"அப்புறம் அந்த இரண்டாவதை யார் வாங்குகிறார்கள்?"

"வேட்டைக்காரர்கள். அந்தி நேரத்தில், பவரைக் குறைத்து வைத்திருக்கும்போது அவர்களுக்குக் கோடு தடிமனாகத் தெரிய வேண்டும். முதல் ஜாதியில் அது சிலந்தி நூல் மாதிரி ஆகிவிடும்."

அவளுக்கு நானே தேர்ந்தெடுத்தேன். முதல் ஜாதி. ஐந்திலிருந்து இருபத்தைந்து பவர், அதற்கு மேல் வேண்டாம். கோட்டின் குறியும் வெளியே திருகுகிற குமிழும் ஒரே அளவு முறையில் இருக்க வேண்டும். போட்டிப் பதற்றத்தில் மனக்கணக்குப் போட முடியாது. குமிழைத் திருப்பிக் கொண்டுவந்தால் பழைய இடத்தில் தானே முட்டி நிற்க வேண்டும். அதே வாரம் அபூ காலித் என்ற கிழவர், கஜகஸ்தான் மலையில் காட்டாடு வேட்டைக்குப் போகிறவர், அவரும் என்னிடம் கேட்டார். அவருக்கு அதே கம்பெனியில் அதே மாடல், இரண்டாவது ஜாதி. இரண்டும் ஒன்றாகத்தான் வந்து இறங்கின. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பெட்டி மேல் ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

அட்டையைப் பார்த்து அஃபீஃபா கேட்டாள். "பூஜா உன் உண்மைப் பெயரா?" சொன்னேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. ஆனால் அதன் பிறகு அப்படித்தான் கூப்பிட்டாள். அப்புறம் ஒருநாள் சொன்னாள்: "எங்கள் கிளப்பின் சுடுதளத்தில் ரேஞ்ச் டெக்னீஷியன் வேலை காலியாக இருக்கிறது. ஸ்கோப் தெரிந்த பெண் வேண்டும். கமிட்டியில் நானும் இருக்கிறேன். போட்டி முடியட்டும், உன்னைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்கிறேன்."

அன்றைக்கு ரூமுக்கு வரும்போது பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். கிளப் விசா. என் பெயரே எழுதின அட்டை. கவுண்டருக்குப் பின்னால் நின்று யாருடைய பூஜாவாகவும் இருக்க வேண்டியதில்லை. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, அது ஒன்றுதான்.

கல்யாணசுந்தரத்திடம் முதலில் சொன்னேன். மறைக்கத் தெரியவில்லை எனக்கு.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார். பில் மெஷினின் காகித ரோலைக் கழற்றி மறுபடி மாட்டினார். "ஆனா கிளப்புன்னா கண்ட நேரத்துல போகணும் வரணும். பொம்பளப் புள்ள. உங்கப்பாவ ஒரு வார்த்தை கேட்டுக்க."

நவராத்திரி சனிக்கிழமை. அன்றைக்குக் காலையில் நான் கிளப்புக்குப் போய் அஃபீஃபாவின் துப்பாக்கியில் ஸ்கோப்பை மாட்ட வேண்டும். துப்பாக்கி கிளப் ஆயுத அறையை விட்டு வெளியே வராது, மாட்டுவது அங்கேதான். வெள்ளி இரவே கல்யாணசுந்தரத்தின் மனைவி ஜெயபாரதி போன் செய்தார்.

"பூவாயி, நாளைக்கு வந்துடுடி. கொலுவுக்கு நாப்பது பேர். சுண்டல் தாளிக்கவே எனக்கு ரெண்டு கை பத்தாது."

"நாளைக்கு கிளப்ல வேலை இருக்கே சித்தி."

போனைக் கல்யாணசுந்தரம் வாங்கினார். "அட, நீ வீட்டுக்குப் போம்மா. ஸ்கோப்ப நான் மாட்டிட்டு வரேன். நான் மாட்டாத ஸ்கோப்பா? அப்படியே அபூ காலித் ஸ்கோப்புக்கும் துப்பாக்கியில மாட்டுற வளையம் போட்டுக் குடுத்துட்டு கிளப்புக்குப் போயிடுறேன்."

போனேன். கொண்டைக்கடலை அவித்தேன், தேங்காய் துருவினேன், நாற்பது பேருக்கும் தொன்னையில் போட்டேன். பட்டுப்புடவைகள் ஹாலில் பாடிக்கொண்டிருந்தன. அவர்களுடைய மகள் ஹர்ஷினி சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா, இன்னும் சுண்டல் ப்ளீஸ், ஆன்ட்டீஸ் ஆர் வெயிட்டிங்" என்று போனாள். தாம்பூலம் எனக்கும் உண்டு. கடைசியில், அடுப்படியிலேயே வைத்துக் கொடுத்தார் ஜெயபாரதி. "நம்ம வீட்டுப் பொண்ணுதானே, உனக்கென்ன ஃபார்மாலிட்டி." அந்த வார்த்தையை நான் இனிப்பு மாதிரி சப்பிக்கொண்டே ரூமுக்கு வந்தேன்.

கிளம்புவதற்கு முன்னால், கல்யாணசுந்தரம் வீட்டுக்கு வந்ததுமே கேட்டிருந்தேன். "மாட்டியாச்சா சித்தப்பா?"

"ஜம்முன்னு உக்காந்திருக்கு."

மறுநாள் நான் ஆயுத அறைக்குப் போய் ஒரு தடவை கண் வைத்துப் பார்த்திருக்கலாம். பவரை மாற்றுகிற வளையத்தை ஒரு திருப்பு. அவ்வளவுதான் வேலை. போகவில்லை. சித்தப்பா மாட்டினதை நான் போய்ப் பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடாதா? எங்கள் ஊரில் பெரியவர் எண்ணிக் கொடுத்ததைக் கொடுத்தவர் முன்னாலேயே எண்ணிப் பார்க்க மாட்டோம். அந்த மரியாதையைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தேன், பட்டச் சான்றிதழோடு சேர்த்து.

அஃபீஃபா பயிற்சி எடுத்ததெல்லாம் விடிகாலையில். காற்று குளிர்ந்திருக்கும், கானல் கிடையாது, முழுப் பவரில் வைத்துச் சுட்டாள். நான் பக்கத்தில் வேறு தொலைநோக்கி வைத்துக்கொண்டு தோட்டா விழுகிற இடம் சொன்னேன். அவள் ஸ்கோப்பில் நான் கண் வைக்கவில்லை. கண்ணருகே இருக்கிற வளையத்தை அவள் பார்வைக்குத் திருப்பி வைத்திருந்தாள், அதைக் கலைக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். இலக்காக நட்டிருந்த ஒவ்வொரு இரும்புத் தட்டும் டங்கென்றது. கோடு வளரவில்லை என்பது அவளுக்கு வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. அப்பாவின் வேட்டை ஸ்கோப்பில் பழகின கண்.

போட்டிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அபூ காலித் கடைக்கு வந்தார். கஜகஸ்தானிலிருந்து திரும்பியிருந்தார், முகமெல்லாம் வெயிலில் உரிந்து. ஸ்கோப்பை மேஜையில் டமாலென்று வைத்தார். சாயங்காலம் ஆடு எதிரிலேயே நின்றதாம். கோடே தெரியவில்லையாம். "மாஃபி! ஒன்றுமில்லை! தலைமுடி மாதிரி!" என்று விரலைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

நான் கையை நீட்டினேன். அதற்குள் கல்யாணசுந்தரம் அதை எடுத்துக்கொண்டார். "நீ போய் கெஸ்டுக்கு கஹ்வா கொண்டா, நான் பாத்துக்கறேன்." அந்த அரபிக் காப்பியோடு திரும்பி வரும்போது கிழவர் போய்விட்டிருந்தார். ஸ்கோப்பும் மேஜையில் இல்லை.

"செகண்ட் ஜாதியில அப்படி வராதே சித்தப்பா?"

"கெழவனுக்குக் கண்ணு போச்சும்மா. கண்ணாடி போடச் சொன்னா ரோஷம் வருது."

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புத்தான் அதிகம் எரிகிறது.

போட்டி சனிக்கிழமை. அக்டோபர் முடிகிறது, ஆனாலும் நடுப்பகலில் மணல் கொதித்தது. கல்யாணசுந்தரம் குடும்பத்தோடு வந்திருந்தார். ஃப்ளாஸ்க்கில் டீ, டப்பாவில் எலுமிச்சை சாதம். அஃபீஃபாவின் முக்கியமான சுற்று மதியத்தில் வந்தது. வெவ்வேறு தூரத்தில் தட்டுகள், ஒன்றன் பின் ஒன்றாகச் சுட வேண்டும், குமிழைத் திருக நேரம் இருக்காது. கோட்டின் குறியை நம்பித்தான் சுட வேண்டும். அதற்காகத்தான் அந்த ஸ்கோப்பே.

போவதற்கு முன்னால் என்னிடம் வந்தாள். "தட்டு கொதிக்கிறது."

"பவரைக் குறைத்துவிடுங்கள். பாதிக்கு வாருங்கள். கானல் அடங்கும்."

"குறி?"

"எந்தப் பவரிலும் குறி மாறாது. பயப்படாமல் சுடுங்கள்."

என் வாயால் சொன்னேன்.

மணி அடித்த பிறகு வெளியே இருக்கிறவர் பேசக் கூடாது. நான் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தோட்டா. தட்டுக்கு மேலே, பின்னால் இருந்த மணல் மேட்டில் புழுதி எழுந்தது. இரண்டாவது, இன்னும் மேலே. அவள் கொஞ்சம் இறக்கிப் பிடித்திருப்பாள் போல, அடுத்த தட்டின் அடியில் மண் தெறித்தது. பிறகு மறுபடி மேலே. டங்கென்று ஒரு சத்தம், கடைசியில், ஒரே ஒரு தட்டுக்கு. நேரம் முடிந்தது.

அஃபீஃபா எழுந்து மணலைக்கூடத் தட்டாமல் என் முன்னால் வந்து நின்றாள். "எந்தப் பவரிலும் என்று சொன்னாய்."

"ஒரு தடவை நான் பார்க்கலாமா?"

ஆயுத அறைக்காரர் கௌஸ் முகைதீன் துப்பாக்கியை வாங்கி, தோட்டா இல்லை என்று காட்டி, தாங்கியில் வைத்தார். காயல்பட்டினத்துக்காரர், என்னைத் தங்கச்சி என்பார். குனிந்து கண்ணை வைத்தேன். பவர் வளையத்தைத் திருப்பினேன். தூரத்துத் தட்டு கிட்டே வந்தது, பெரிதானது, கண்ணை நிறைத்தது. கோடு அப்படியே நின்றது. பின்னால் திருப்பினேன். தட்டு சுருங்கிப் போனது. கோடு நகரவில்லை. தடிமனாக, திடமாக, அந்தியிலும் தெரிகிற கோடு. அபூ காலித்துக்கு நான் எடுத்த கோடு.

அபூ காலித் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டின விரல் ஞாபகம் வந்தது. மேஜையில் இல்லாமல் போன ஸ்கோப் ஞாபகம் வந்தது. நிமிர்ந்தேன்.

அதற்குள் கல்யாணசுந்தரம் அஃபீஃபாவிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். நெஞ்சில் கை வைத்திருந்தார். "சின்னப் பெண் மேடம். ஆர்டர் போடும்போது மாற்றிப் போட்டுவிட்டாள். கடை சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். வேறு தருகிறோம்."

"நான் மாத்திப் போட்டேனா?" என்றேன் தமிழில்.

"இங்க வேணாம்மா. வீட்ல பேசிக்கலாம்."

"யாரு வீட்ல?"

"சத்தம் போடாத. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அபூ காலித் வந்த அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. அதான் என் கையில அத குடுக்கல."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலை இறக்கினார். "வளையம் போடும்போது ரெண்டும் மேஜையில ஒண்ணா கெடந்துச்சு. பெட்டி மாறிப் போச்சு. மனுஷன்தானே? வீட்ல கொலு, ஆயிரம் வேலை."

"மாறினது சரி. யாருக்கும் மாறும். தெரிஞ்சப்புறம் நாலு நாள் இருந்துச்சே சித்தப்பா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஓடிவந்து கழட்டி மாத்தியிருப்பேனே."

"சொன்னா முதலாளி என்னைத்தான் கேப்பாரு. நான் இந்தக் கடையில சேத்து வச்ச பேரு என்ன ஆகறது? நீ சின்னப் பொண்ணு. தெரியாம செஞ்சிட்டான்னு சொன்னா அதோட முடிஞ்சிடும்." பிறகு, நிஜமாகவே எனக்கு நல்லது சொல்கிற முகத்தோடு சொன்னார்: "இந்தக் கிளப்பு வேலையெல்லாம் நமக்கு எதுக்கும்மா? உங்கப்பா உன்னை என்னை நம்பித்தான அனுப்பினாரு."

அதுதான். பெட்டி தவறி மாறியது. ஆனால் வாய் தவறி மூடிக்கொள்ளவில்லை. நான் விழுந்தால் கவுண்டரிலேயே கிடப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஜெயபாரதி எலுமிச்சை சாத டப்பாவை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தெரியுமா அவருக்கு என்று இன்றுவரை தெரியாது. கேட்கவும் போவதில்லை.

"என்ன சொல்கிறார்?" என்றாள் அஃபீஃபா.

அவர் சொன்னது முழுவதையும் அவர் முன்னாலேயே ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல் விடவில்லை. அஃபீஃபாவைக் குனிந்து பார்க்கச் சொல்லி வளையத்தைத் திருப்பிக் காட்டினேன். அவளுக்கு உடனே விளங்கியது. கல்யாணசுந்தரத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ இதில் எத்தனை தடவை கண் வைத்துப் பார்த்தாய்? இன்றைக்கு முன்னால்?"

"பார்க்கவில்லை."

"ஒரு தடவைகூட?"

"அவர் மாட்டினார் என்பதால்..."

மேலே சொல்ல ஆங்கிலத்தில் எனக்கு வார்த்தை இல்லை. சித்தப்பா என்றால் என்ன என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? கௌஸ் முகைதீன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டே முணுமுணுத்தார். "ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம்ல தங்கச்சி. நான் உள்ளதானே இருந்தேன்."

"நீ தேர்ந்தெடுத்தது சரி" என்றாள் அஃபீஃபா. குரலில் கோபம்கூட இல்லை. "நீ சொன்னதெல்லாம் சரி. ஆனால் பார்க்கவில்லை. இது ரேஞ்ச். பார்க்காத ஆளை நான் கமிட்டி முன்னால் எப்படி உட்கார வைப்பேன்? கலாஸ், முடிந்தது." கையுறையைக் கழற்றிக்கொண்டே போய்விட்டாள். அவள் சொன்னதில் பிழை கிடையாது. அதுதான் இன்னும் கேவலம்.

"வண்டியில ஏறும்மா, ரூம்ல விட்டுடறேன்" என்றார் கல்யாணசுந்தரம். நான் கிளப் வேலையாட்கள் பஸ்ஸில் ஏறினேன்.

ரூமுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜுபைலிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"ஏம் பாப்பா, என்ன பண்ணி வச்ச? அவரு மேலயே பழி போட்டியாம்ல, அரபிக்காரங்க முன்னாடி?"

"யாரு சொன்னா?"

"அவருதான் போன் பண்ணுனாரு. கோவமே படல, பெரிய மனுஷன். புள்ள தெரியாம பேசிட்டான்னாரு. நாளைக்கே போயி ஒரு மன்னிப்பு கேட்டுரு. அவரு இல்லன்னா உனக்கு அங்க யாரு இருக்கா?"

"அப்பா, என்ன நடந்துச்சுன்னு என்னைய ஒரு வார்த்தை கேக்கலியே நீங்க."

அந்தப் பக்கம் கேம்ப்பில் யாரோ பாத்ரூம் கதவைத் தட்டுகிற சத்தம்.

"டூட்டி பஸ்ஸு வந்துருச்சு பாப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கடைக்குப் போனேன். போகாமல்? விசா அந்தக் கடையுடையது. இரண்டு ஸ்கோப்பும் திரும்பி வந்து, சுத்தம் பண்ணி, சரியான பெட்டியில் ஏறின. அடுத்த வாரம் அஃபீஃபா தன்னுடையதை வாங்க வந்தாள். கல்யாணசுந்தரம் பெட்டியைத் திறந்து, ஸ்கோப்பை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அவள் கை நீளுவதற்குள் நான் குறுக்கே போய் அதை வாங்கினேன்.

ஜன்னலுக்குப் போனேன். எதிர்க் கட்டிடத்தில் ஒரு ஏசிப் பெட்டியைப் பிடித்தேன். வளையத்தைத் திருப்பினேன். பெட்டி வளர்ந்தது, கோடும் வளர்ந்தது. பின்னால் திருப்பினேன். இரண்டும் சேர்ந்து சுருங்கின. இன்னொரு தடவை. அவசரப்படவில்லை.

"இப்போது பார்க்கிறாய்" என்றாள் அஃபீஃபா. சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டு போனாள்.

கதவு மூடினதும் கல்யாணசுந்தரம் கேட்டார். "ஏம்மா, கஸ்டமர் முன்னாடி என் கையிலேர்ந்து பிடுங்கற மாதிரி வாங்கற? என்ன நெனைப்பாங்க?"

"செக் பண்றேன் சார்" என்றேன்.